காந்தியோடு 25 வருஷம்: மகாதேவ தேசாய்

"மகாதேவ தேசாய் என்று காந்தி பற்றிய புத்தகங்களில் எல்லாம் ஒரு பெயர் வருகிறது. காந்தி சொன்னதை எழுதிக்கொண்ட செயலாளர் என்பதற்கு மேல் அவருக்கு ஏதாவது வாழ்க்கை உண்டா?" என்பது கேள்வி.

நிறைய உண்டு. நம் ஊரில் நடந்த ஒரு விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1919 மார்ச். ரௌலட் சட்டத்தை எப்படி எதிர்ப்பது என்று காந்தி குழம்பிக்கொண்டிருந்த நேரம். சென்னைக்கு வந்து ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். பங்களா 'இந்து' கஸ்தூரி ரங்க ஐயங்காருடையது. அதனால் அவருடைய விருந்தாளியாகத்தான் இருக்கிறோம் என்று காந்தி நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை, நம்மை வைத்துப் பார்த்துக்கொள்பவர் ராஜகோபாலாச்சாரி என்று திருத்தியவர் மகாதேவ். ராஜாஜி அப்போதுதான் சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிவந்திருந்தார். கூச்ச சுபாவம். முன்னால் வந்து நிற்கவே மாட்டார். மகாதேவ் அதற்குள் அவரோடு நன்றாகப் பழகிவிட்டார். இந்த மனிதரோடு நீங்கள் நெருங்கிப் பழக வேண்டும் என்று காந்தியிடம் சொன்னார். இதை எழுதி வைத்திருப்பது வேறு யாருமில்லை, காந்தியேதான், தன் சுயசரிதையில்.

அந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான், ஒரு விடியற்காலையில், நாடு முழுக்க ஒரு நாள் கடையடைப்பு நடத்தலாம் என்ற யோசனை காந்திக்குத் தூக்கமும் விழிப்புமாக இருந்த நேரத்தில் உதித்தது. எழுந்ததும் அவர் அதைச் சொன்னது ராஜாஜியிடம். காந்திக்கும் ராஜாஜிக்கும் இருந்த உறவு பின்னால் எவ்வளவு தூரம் போனது என்று நமக்குத் தெரியும். ராஜாஜியின் மகள் லட்சுமி காந்தியின் மகன் தேவதாஸைக் கல்யாணம் செய்துகொண்டது வரை. அந்தக் கதையின் முதல் பக்கத்தில் 27 வயது மகாதேவ் நிற்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. சொன்னதை எழுதிக்கொள்கிறவர் செய்கிற வேலையா இது?

சரி, ஆள் யார் என்று பார்ப்போம்.

1892 ஜனவரி 1ஆம் தேதி, சூரத் மாவட்டத்தில் சரஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஹரிபாய் பள்ளிக்கூட வாத்தியார். மகாதேவுக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா ஜம்னா இறந்துவிட்டார். அந்தக் கால வழக்கப்படி 13 வயதில் துர்காவோடு கல்யாணம். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1910இல் பி.ஏ., 1913இல் சட்டம். படிக்கும்போதே அரசின் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தார். இதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் என்னவாக ஆனாரோ அதற்கான பயிற்சி அங்கே தொடங்கிவிட்டது. ஜான் மோர்லி எழுதிய ஆங்கில நூல் ஒன்றைக் குஜராத்தியில் பெயர்த்து, ஃபார்பஸ் குஜராத்தி சபை வைத்த 1000 ரூபாய் பரிசை வாங்கினார். அப்புறம் பம்பாய் மத்தியக் கூட்டுறவு வங்கியில் ஆய்வாளர் வேலை. ஊர் ஊராகப் போய்க் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். குடியானவன் கடனில் எப்படி மூழ்குகிறான் என்பதை அவர் நேரில் பார்த்தது அப்போதுதான்.

1915இல் காந்தி அகமதாபாதில் ஆசிரமம் தொடங்கி, அதன் விதிகளை அச்சிட்டு, கருத்துச் சொல்லுங்கள் என்று எல்லோரையும் கேட்டிருந்தார். மகாதேவும் அவருடைய நண்பர் நரஹரி பரிக்கும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். பாராட்டுக் கடிதம் இல்லை. பிரமச்சரிய விதியைப் பற்றியும் கைத்தொழில் பற்றியும் தங்கள் சந்தேகங்களை வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். காந்தி இருவரையும் கூட்டிக்கொண்டு பேசியபடியே ஆசிரமத்துக்கு நடந்தார். வெகுநேரம் பேச்சு. திரும்பி வரும் வழியில், சபர்மதியின் மேலிருக்கும் எல்லிஸ் பாலத்தில் வைத்து மகாதேவ் சொன்னாராம்: "நரஹரி, இந்த மனிதரின் காலடியில் போய் உட்கார்ந்துவிடலாம் போலிருக்கிறது." நரஹரி பரிக் பிறகு மகாதேவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது பதிவு செய்த காட்சி இது.

ஆனால் உடனே போய் உட்கார்ந்துவிடவில்லை. இரண்டு வருஷம் போனது. 1917 ஆகஸ்ட் 31, பம்பாய். காந்தி அவரைக் கூப்பிட்டு, நான் தேடிக்கொண்டிருந்த ஆள் நீதான், என் வேலையை ஒருநாள் நம்பி ஒப்படைக்கக்கூடிய ஒருவனை உன்னிடம் கண்டேன் என்ற பொருளில் பேசினார். இதற்கு முன்னால் போலக், ஷ்லேசின், மகன்லால் ஆகிய மூன்று பேரிடம் மட்டும்தான் இப்படிப் பேசியிருக்கிறேன் என்றும் சொன்னார். தென்னாப்பிரிக்காவில் அவருக்குத் தோள் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பேச்சின் படபடப்பு அடங்குவதற்குள் மகாதேவ் நரஹரிக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதினார். நமக்கு அந்தச் சந்திப்பு தெரிவது அந்தக் கடிதத்தால். ஒன்று நடந்தால் அதை உடனே எழுத்தில் பிடித்துவிடுவது அவருக்குப் பிறவிக் குணம்.

1917 நவம்பரில், கோத்ராவில் குஜராத் அரசியல் மாநாடு நடந்த சமயம், சேர்ந்துவிட்டார். நாட்குறிப்பு அந்த மாதம் 13ஆம் தேதி தொடங்குகிறது. 1942 ஆகஸ்ட் 14இல் நிற்கிறது. மறுநாள் அவர் இல்லை.

முதலில், பீகாரில் அவுரி விவசாயிகளுக்காகக் காந்தி போராடிய சம்பாரண். துர்காவும் கூடவே போனார். அங்கே கிராமப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தவர்களின் பட்டியலில் மகாதேவ், துர்கா இருவர் பெயரையும் காந்தி எழுதியிருக்கிறார். 1918இல் அகமதாபாத் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். 35 சதவீத ஊதிய உயர்வு கேட்டு நடந்த அந்தப் போராட்டத்தைக் குஜராத்தியில் தனி நூலாக எழுதினார். இந்தியாவில் ஒரு பொதுப் பிரச்சினைக்காகக் காந்தி முதல் தடவை உண்ணாவிரதம் இருந்தது அதில்தான். அந்த நாட்களைப் பற்றி இன்று யார் எழுதினாலும் மகாதேவின் புத்தகத்தைத் தொடாமல் எழுத முடியாது.

1921 அலகாபாத் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மோதிலால் நேரு அங்கே 'இண்டிபெண்டன்ட்' என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை நடத்திவந்தார். அதன் ஆசிரியர் ஜார்ஜ் ஜோசப். ஆம், மதுரையில் வக்கீலாக இருந்து குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு எதிராகக் கள்ளர் சமூகத்துக்காகப் போராடிய, மதுரைப் பக்கம் 'ரோசாப்பூ துரை' என்று கூப்பிட்ட அதே ஜோசப். காந்தி மகாதேவை அங்கே உதவிக்கு அனுப்பினார். டிசம்பரில் ஜோசப் கைதாகிவிட, பத்திரிகை மகாதேவின் தலையில் விழுந்தது. அரசு ஜாமீன் தொகையைப் பறிமுதல் செய்து அச்சடிக்க முடியாமல் செய்தது. மகாதேவ் என்ன செய்தார்? பத்திரிகையைக் கையால் எழுதி, நகலெடுத்து வெளியிட்டார். "மாறுகிறேன், சாவதில்லை" என்று பொருள்படும் ஷெல்லியின் ஆங்கிலக் கவிதை வரியை மேலே போட்டார். அழகான, சின்னச் சின்ன எழுத்து அவருடையது. அச்சு இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்ற அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிமிர்கிறது. அதற்கு ஒரு வருஷக் கடுங்காவல் கிடைத்தது. நைனி சிறையில் அவரைச் சாதாரணக் கைதியாகவே நடத்தினார்கள். சிறை உடை, சாப்பாடு, அழுக்குப் போர்வை எல்லாவற்றையும் அவர் எழுதியனுப்ப, காந்தி அதைத் தன் பத்திரிகையில் வெளியிட்டார். அரசியல் கைதிகளை எப்படி நடத்துவது என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்ததில் அந்த எழுத்துக்கும் பங்கு உண்டு.

இனி அவருடைய அன்றாட வேலைக்கு வருகிறேன். கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

அவருக்குச் சுருக்கெழுத்து தெரியாது. காந்தியின் பேச்சை, உரையாடலை, கூட்டத்தின் நடுவிலும் ரயிலில் ஆடிக்கொண்டும், கையில் கிடைத்த காகிதத்தில் முழு எழுத்தில் எழுதிக்கொள்வார். அப்படியும் வார்த்தை பிசகாது. காந்திக்கு வரும் கடிதங்களைப் படித்துப் பிரிப்பார், பதில்களுக்கு வரைவு எழுதுவார். பார்க்க வருகிறவர்களிடம் முதலில் பேசி, யாருக்கு ஐந்து நிமிஷம், யாருக்கு அரை மணி என்று முடிவு செய்வார். செய்தித்தாள்களைப் படித்துச் சாரத்தைச் சொல்வார். காந்தியின் வாரப் பத்திரிகைகளுக்குத் தானும் எழுதுவார். குஜராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து குஜராத்திக்கும் மாற்றுவார். நூல் நூற்பதும் தவறாது. இதோடு, 1927இல் காந்தி இலங்கைக்குப் போய்க் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று சுற்றியதை ஒரு புத்தகமாக்கினார். திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகு 1937 ஜனவரியில் காந்தி அங்கே பயணம் செய்ததை இன்னொரு புத்தகமாக்கினார். நேருவின் சுயசரிதையைக் குஜராத்தியில் பெயர்த்தார். வங்காளி கற்றுக்கொண்டு தாகூரையும் சரத் சந்திரரையும் மொழிபெயர்த்தார். ஒரு மனிதனுக்கு நாளில் எத்தனை மணி நேரம் இருக்கும்!

இதில் எல்லாம் பெரியது காந்தியின் சுயசரிதை. காந்தி அதைக் குஜராத்தியில் 'நவஜீவன்' வார இதழில் 1925 நவம்பர் முதல் 1929 பிப்ரவரி வரை தொடராக எழுதினார். வாராவாரம் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் மகாதேவ். நூலாக முதல் தொகுதி 1927இல் வந்தது, இரண்டாவது 1929இல். நாம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, காந்தி எவ்வளவு எளிமையாக எழுதுகிறார் என்று வியக்கிறோமே, அந்த வாக்கியங்கள் மகாதேவ் கட்டியவை. கடைசிப் பாகத்தில் 29 முதல் 43 வரையுள்ள அத்தியாயங்களை மட்டும் காந்தியின் இன்னொரு செயலாளரான பியாரேலால் மொழிபெயர்த்தார். காரணம் என்ன தெரியுமா? மகாதேவ் அப்போது பார்தோலியில் இருந்தார். 1940 பதிப்புக்கு, ஆங்கிலப் புலமைக்குப் பேர்போன ஒருவர் தன் பெயரைச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு முழுவதையும் திருத்திக்கொடுத்தார் என்று முன்னுரையில் மகாதேவ் நன்றி சொல்கிறார். அந்தப் பெரியவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி என்பதுதான் பரவலான கருத்து.

குஜராத்தி மூலத்தையும் இந்த ஆங்கிலத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, திரிதீப் சுஹ்ருத் 2018இல் ஓர் ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தார். எங்கே மூலத்திலிருந்து விலகியிருக்கிறது என்று அதில் பார்க்கலாம். மொழிபெயர்ப்பில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சில இடங்களில் காந்தியின் பேச்சுவாடையை மகாதேவின் கல்லூரி ஆங்கிலம் மெழுகிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் காந்தி ஒவ்வொரு அத்தியாயமாக எழுத எழுத, பக்கத்திலேயே இருந்து, சந்தேகம் வந்தால் அவரையே கேட்டு, அந்த வேகத்தில் மொழிபெயர்க்க வேறு யாரால் முடிந்திருக்கும்?

பார்தோலி என்றேன். 1928இல் அந்தத் தாலுகாவில் நிலவரியை 22 சதவீதம் உயர்த்தினார்கள். வல்லபபாய் படேல் தலைமையில் விவசாயிகள் வரி கொடுக்க மறுத்தார்கள். முடிவில் அரசு புரூம்ஃபீல்டு, மாக்ஸ்வெல் என்ற இரண்டு அதிகாரிகளைக் கொண்டு விசாரணை வைத்தது. அந்த விசாரணையில் விவசாயிகள் தரப்புக்கு ஊர் ஊராகப் போய் நிலக் கணக்கும் குத்தகைக் கணக்கும் சேகரித்து அடுக்கியவர்களில் முக்கியமானவர்கள் மகாதேவும் நரஹரியும். பழைய கூட்டுறவு வங்கி ஆய்வாளர் மறுபடி கணக்கோடு உட்கார்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்வு 6 சதவீதம் சொச்சமாகக் குறைந்தது. இந்தப் போராட்டத்தின் வரலாற்றையும் 1929இல் அவரே எழுதினார்.

1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குக் காந்தியோடு லண்டன். கூடவே காந்தியின் ஆங்கிலேயச் சீடர் மீராபென், பியாரேலால், தேவதாஸ். கிழக்கு லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் கிங்ஸ்லி ஹாலில் காந்தி தங்கினார். வேலைகளுக்கு நைட்ஸ்பிரிட்ஜில் ஒரு வீட்டை அலுவலகமாக வைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவே நகரத்தையே குறுக்கே தாண்ட வேண்டும். பகலெல்லாம் மாநாடும் பார்வையாளர்களும், இரவில் பத்திரிகைக்கு வாராந்தரக் கடிதம். திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்தைப் பார்த்தார்கள்.

அடுத்த வருஷம் எரவாடா சிறை. 1932 மார்ச்சில் காந்தி, படேல் இருந்த இடத்துக்கே மகாதேவையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த மாதங்களின் நாட்குறிப்பைப் படிக்காதவர்கள் அவசியம் படிக்க வேண்டும். மூன்று பேரும் மனிதர்களாக நடமாடுகிறார்கள். படேல் பழைய காகிதங்களை வெட்டி ஒட்டி உறை செய்துகொண்டிருப்பார். காந்திக்குப் பல்குச்சி நறுக்கிக் கொடுப்பார். இத்தனை வயதில் சமஸ்கிருதம் படிக்க உட்காருவார். காந்தி எதற்கெடுத்தாலும் சோடா உப்பைச் சேர்ப்பாராம். அதனால் யாராவது சிக்கலான பிரச்சினை ஒன்றைக் கடிதத்தில் எழுதிக் கேட்டால், "சோடா போடச் சொல்லுங்கள்" என்பார் படேல். மூன்று பேரும் சிரிப்பார்கள். மகாதேவ் அதையும் எழுதிவைத்தார்.

அதே நாட்குறிப்பில்தான் அந்தச் செப்டம்பரும் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோருக்கு, அவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித் தொகுதி என்ற பிரிட்டிஷ் அரசின் அறிவிப்பை எதிர்த்துக் காந்தி செப்டம்பர் 20ஆம் தேதி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி, அம்பேத்கர் தனித் தொகுதியை விட்டுக்கொடுத்த பூனா ஒப்பந்தம். 26ஆம் தேதி தாகூர் இருக்கும்போது உண்ணாவிரதத்தை முடித்தார். காந்தியும் அம்பேத்கரும் சிறைக்குள் பேசிய பேச்சை மகாதேவ் குறித்து வைத்திருக்கிறார். வரலாற்றுக்கு அது பெரிய சொத்து. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பு காந்தியின் உயிர் போய்விடுமோ என்று பக்கத்தில் உட்கார்ந்து தவித்தவருடையது. அந்த ஐந்தாறு நாட்களில் அம்பேத்கரின் மேல் எவ்வளவு பாரம் இறங்கியது என்பதைத் தெரிந்துகொள்ள அம்பேத்கரின் எழுத்தைத்தான் படிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

பிறகு பெல்காம் சிறையில், காந்தியின் குஜராத்திக் கீதை உரையை நீண்ட முன்னுரையோடு ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது புத்தகமாக வந்தது 1946இல். பார்க்க அவர் இல்லை.

1936இல் காந்தி வார்தா பக்கத்தில் சேகாவ் என்ற கிராமத்துக்குக் குடிபோனார். பிற்பாடு சேவாகிராம் ஆன ஊர் அதுதான். அங்கே தபாலும் தந்தியும் கிடையாது. அதனால் மகாதேவ் குடும்பம் வார்தாவின் மகன்வாடியிலேயே இருந்தது. தினமும் காலையில் தபால் கட்டைத் தூக்கிக்கொண்டு ஐந்தரை மைல் நடந்து போவார். வேலை முடிந்ததும் ஐந்தரை மைல் திரும்பி வருவார். ஆக நாளுக்கு 11 மைல். அவசரமாக ஏதாவது வந்துவிட்டால் இரண்டாவது தடவையும் போக வேண்டும். விதர்பாவின் வெயிலைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும், கத்திரி வெயிலில் அங்கே பகல் பதினோரு மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நிற்காது. அந்த வெயிலில் 44 வயது மனிதர், ஏற்கெனவே ராத்தூக்கம் இல்லாதவர், மாதக்கணக்கில் நடந்தார். அவருடைய உடம்பு அங்கேதான் உடைந்தது என்பது என் கருத்து. 1938இல் படுத்துவிட்டார். ஓய்வு எடு என்று காந்தி சொல்லாமல் இல்லை. ஆனால் அந்த வேலையை அப்படி ஏற்பாடு செய்து வைத்திருந்ததும் காந்திதான். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

அந்த 1938இல்தான் புரி சம்பவமும் நடந்தது. ஒரிசாவில் டேலாங் என்ற ஊரில் காந்தி சேவா சங்கக் கூட்டம். பக்கத்திலேயே புரி. கஸ்தூரிபாவும் துர்காவும் வேறு சிலரும் ஜகந்நாதர் கோயிலுக்குப் போய் உள்ளே கும்பிட்டுவிட்டு வந்தார்கள். ஹரிஜனங்களுக்குத் திறக்காத கோயிலுக்குள் நாம் போவதில்லை என்பது காந்தியின் உறுதி. விஷயம் தெரிந்ததும் அவர் துடித்துப் போனார், ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. மகாதேவிடம்தான் கோபம்: நீ எடுத்துச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டாமா? மகாதேவுக்கும் தாங்கவில்லை. ஒரு தவறுக்கு இவ்வளவா என்ற வேதனை, மனைவியின் எளிய பக்தி மேல் இரக்கம், தன்மேலேயே கோபம் எல்லாம் சேர்ந்து, என்னை விட்டுவிடுங்கள், போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். காந்தி விடவில்லை. பிறகு மகாதேவ் இந்த முழுக் கதையையும், தன் விலகல் உட்பட, 'ஹரிஜன்' பத்திரிகையில் தானே எழுதினார். சொர்க்கத்தில் மகான்களோடு வாழ்வது ஆனந்தம், பூமியில் ஒரு மகானோடு வாழ்வது வேறு கதை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு நாலடிப் பாட்டு உண்டு. அவர் அதைச் சொல்வது வழக்கம். உள்ளே நடந்த சண்டையைத் தலைவரின் சொந்தப் பத்திரிகையிலேயே ஓர் உதவியாளர் எழுத முடிந்தது, தலைவரும் அதை அச்சிட விட்டார் என்பது இன்று எந்தக் கட்சி அலுவலகத்தில் நடக்கும்?

துர்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரமத்தில் வேலை செய்கிறவருக்குச் சம்பளம், விடுமுறை, தனி வீடு என்று என்ன இருக்கும்? கணவர் பாதி வருஷம் பயணத்தில், மீதியில் பாதி சிறையில். ஒரே மகன் நாராயண் 1924 டிசம்பரில் பிறந்தார். எல்லோருக்கும் 'பாப்லா'. காந்தியின் மடியில் வளர்ந்த பிள்ளை. அவர் பின்னாளில் அப்பாவின் வாழ்க்கையை எழுதி 1993இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். அப்பாவின் நாட்குறிப்புக்கு அதே விருது, குஜராத்தியில் முதன்முதலாக, 1955இல் கிடைத்திருந்தது.

இனி கடைசி ஆறு நாள்.

1942 ஆகஸ்ட் 8, பம்பாய் கோவாலியா குளம் மைதானம், வெள்ளையனே வெளியேறு தீர்மானம். 9ஆம் தேதி விடியுமுன் பிர்லா மாளிகையில் காந்தி, மகாதேவ், மீராபென் மூவரும் கைது. பூனாவில் ஆகாகான் மாளிகையில் அடைத்தார்கள். சரோஜினி நாயுடுவும் அங்கே. இரண்டு நாள் கழித்துக் கஸ்தூரிபாவும் டாக்டர் சுசீலா நய்யாரும் வந்து சேர்ந்தார்கள். மகாதேவுக்கு ஒரே கவலைதான். இந்தத் தடவை சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினால் பிழைக்க மாட்டார். அந்தப் பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

15ஆம் தேதி, சனிக்கிழமை. காலையில் காந்தியோடு நடந்துவிட்டு வந்தார். சிறைத்துறைத் தலைமை அதிகாரி வந்திருந்தார். சரோஜினியின் அறையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. காந்திக்குச் சுசீலா எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று சுசீலாவைக் கூப்பிட்டார்கள். ஓடிப் பார்த்தால் மகாதேவ் சாய்ந்து கிடக்கிறார். காந்தி வந்து பக்கத்தில் நின்று, "மகாதேவ்! மகாதேவ்!" என்று கூப்பிட்டார். ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்திருந்தால் எழுந்திருப்பான், வாழ்நாளில் என் சொல்லை அவன் மீறியதே இல்லை என்று பிறகு சொன்னார். மகாதேவுக்கு வயது 50.

உடம்பைக் காந்தி தன் கையால் குளிப்பாட்டித் துடைத்தார். சந்தனம் பூசினார். அந்த வளாகத்துக்குள்ளேயே தகனம். மகன் செய்ய வேண்டியதை 72 வயதுக் காந்தி செய்தார், கொள்ளி வைத்தது அவர்தான். துர்காவுக்குத் தந்தி அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அரசு அதைத் தந்தியாக அனுப்பவில்லை. வெகுநாள் தாமதித்துத்தான் அது போய்ச் சேர்ந்தது. காந்தி அதைக் கண்டித்து அரசுக்கு எழுதினார்.

அன்றிலிருந்து தினமும் அந்த இடத்துக்குப் பூ எடுத்துக்கொண்டு போய், கீதையின் 12ஆம் அத்தியாயத்தைச் சொல்லிவிட்டு வருவது காந்தியின் வழக்கமாகிவிட்டது. மகாதேவ் பயந்த உண்ணாவிரதம் 1943 பிப்ரவரியில் வந்தது, 21 நாள். காந்தி பிழைத்தார். 1944 பிப்ரவரி 22ஆம் தேதி கஸ்தூரிபா இறந்தார். அவரையும் மகாதேவின் பக்கத்திலேயே எரித்தார்கள். மே 6ஆம் தேதி காந்தி விடுதலையானார். வெளியே வண்டி நிற்க, கிளம்புமுன் கடைசியாக ஒரு தடவை அந்த இரண்டு இடங்களுக்கும் போய் நின்றார்.

புனே போகிறவர்கள் ஆகாகான் மாளிகைக்கு ஒரு நடை போய் வாருங்கள். மாளிகையின் அறைகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், பின்பக்கம் தோட்டத்துக்குள் இறங்குங்கள். இரண்டு சமாதிகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.